'கோர் டம்ப்' என்பதில் வரும் கோர் எதன் கோர்? தமிழில் எப்படி எழுதுவது?

சொல்மேசை கேட்டது:

கட்டளைகளை வாங்கி நிரல்களை ஓட்டும் ஷெல் காட்டும் செய்திகளைத் தமிழாக்கும் கோப்பில் 'கோர் டம்ப்டு' என்று ஒரு சரம் இருக்கிறது. நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டு விழும்போது வரும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற செய்திக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். பழைய தமிழாக்கத்தில் 'கரு கொட்டப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். நிரல் விழுந்துபோன நேரத்தில் இதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மாற்றலாம் என்று எடுத்தால், எதை வைத்து மாற்றுவது என்பதிலேயே சிக்கல்.

கோர் என்றால் செயலியின் கரு என்கிறார்கள் சிலர், டூயல் கோர், குவாட் கோர் என்று சொல்கிறோமே அது. இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதியான கர்னல் என்கிறார்கள் வேறு சிலர். 'கணினியின் மையமான பகுதி' என்று பொதுவாக ஒரு விளக்கமும் சுற்றுகிறது. இவற்றில் எது சரி? டம்ப் என்பது குப்பை கொட்டுவதா, சரக்கை இறக்குவதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். செய்தியில் 'டம்ப்டு' என்று வந்த பிறகும் அடைவில் கோப்பு இல்லாமல் போகிறது. அப்படியானால் 'எழுதப்பட்டது' என்று இறந்தகாலத்தில் மொழிபெயர்ப்பது பொய்யாகிவிடாதா?

---

ஃபெரைட்வளையம் எழுதியது:

நீங்கள் சொன்ன மூன்றும் இல்லை. இந்தக் கோர், காந்த உள்ளகம். மின்மாற்றிப் பாடத்தில் 'தேனிரும்பு உள்ளகம்' என்று வரும் அல்லவா, அதே உள்ளகம்தான்.

கம்பியைச் சுருளாகச் சுற்றி அதற்குள் இரும்பை வைத்தால் காந்தப்புலம் வலுக்கும். 1825-ல் வில்லியம் ஸ்டர்ஜன் செய்துகாட்டிய மின்காந்தத்தில் இருந்ததும் இந்த அமைப்புதான். பழத்தின் விதைப்பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய கோர் என்ற சொல், சுருளுக்குள் இருக்கும் அந்த இரும்புக்கும் பெயரானது. ஆக 'நடு' என்ற பொருள் இதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சுருளின் நடு. கணினியின் நடு என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை தொடங்குகிறது.

அடுத்த படியில் குழப்பம் இன்னும் கூடும். கணினி நினைவகத்தில் பயன்பட்ட கோர், ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானால் ஆன சிறிய வளையம். வளையத்தின் நடுவில் இருப்பது துளை. துளை உள்ள பொருளை ஏன் 'நடு' என்று அழைக்க வேண்டும்? கம்பி துளை வழியாகப் போய் வளையத்தின் உடலைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அப்போது சுற்றுக்கு உள்ளே அகப்படுவது வளையத்தின் உடல். அதனால் அது கோர். நினைவக வளையத்தில் கம்பியைப் பல முறை சுற்றுவதும் கிடையாது. ஊசிக் காதில் நூல் கோத்தது போல ஒருமுறை நுழைந்து வெளியேறும். மின்னியல் கணக்கில் அதுவே முழுமையான ஒரு சுற்று. சுருளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 'சுருளின் உள்ளகம்' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டதற்கு இதுதான் காரணம்.

ஒரு வளையம் ஒரு பிட். வலஞ்சுழியாகக் காந்தமானால் 1, இடஞ்சுழியாக என்றால் 0 என்று வைத்துக்கொள்ளலாம். வளையங்களைச் சதுரமாகக் கோத்து, கிடையாக ஒரு கம்பியும் நெடுக்காக ஒரு கம்பியும் ஒவ்வொரு வளையத்திலும் குறுக்கிடும்படி அமைப்பார்கள். வளையத்தைப் புரட்டச் சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் பாதியைக் கிடைக் கம்பியிலும் பாதியை நெடுக்குக் கம்பியிலும் அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் ஒரே வளையம் மட்டும் புரளும். அதே வரிசையில் உள்ள மற்ற வளையங்களுக்குப் பாதி மின்னோட்டம்தான் கிடைக்கிறது, அவை அசையா. அந்தக் குறிப்பிட்ட ஃபெரைட்டின் குணமே அதுதான்: பாதிக்கு அசையாது, முழுமைக்குச் சட்டென்று புரண்டுவிடும். இதனால் 64-க்கு 64 தட்டில் உள்ள 4096 வளையங்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க 128 கம்பிகள் போதும். சூடு ஏறினால் புரட்டத் தேவையான மின்னோட்டம் மாறிவிடும் என்பதால் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பதோ, வெப்பத்துக்கு ஏற்ப மின்னோட்டத்தைச் சரிசெய்வதோ கட்டாயமாக இருந்தது.

படிக்கும் முறை விசித்திரமானது. வளையத்தில் 0 எழுதிப் பார்ப்பார்கள். ஏற்கனவே 0 என்றால் எதுவும் நடக்காது. 1 இருந்தால் வளையம் புரளும், புரளும்போது எல்லா வளையங்களின் ஊடாகவும் ஓடும் உணர்கம்பியில் சில பத்து மில்லிவோல்ட் துடிப்பு ஒன்று தோன்றும். துடிப்பு வந்தால் '1 இருந்தது' என்று பொருள். ஆனால் படித்ததிலேயே அது அழிந்துபோயிருக்கும், உடனே திரும்ப எழுதியாக வேண்டும். படித்தபின் திரும்ப எழுதும் உத்தி ஆன் வாங் என்பவருடையது. அதற்கு 1949-ல் விண்ணப்பித்தார், 1955-ல் காப்புரிமை கிடைத்தது. சதுரத் தட்டில் பாதி மின்னோட்டங்களைச் சந்திக்கவைக்கும் அமைப்பை எம்ஐடியில் வளர்த்தெடுத்தவர் ஜே ஃபாரெஸ்டர். அவருடைய வேர்ல்விண்ட் கணினியில் 1953 ஆகஸ்டில் இந்த நினைவகம் ஏறியது.

அதன்பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கணினியின் முதன்மை நினைவகம் என்றாலே வளைய நினைவகம்தான். அதனால் நினைவகம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் கோர் என்றே சொன்னார்கள். 1970-ல் இன்டெல் 1103 என்ற 1024 பிட் சில்லு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வளையங்கள் போய்விட்டன, சொல் மட்டும் போகவில்லை.

செயலிக் கரு என்ற விளக்கம் தவறு என்பதற்கு ஆண்டுக்கணக்கே போதும். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது, அதிலேயே 'கோர்' கோப்புக்குத் தனிப் பக்கம் உண்டு. இரண்டு கருக்கள் கொண்ட பவர்4 செயலியை ஐபிஎம் வெளியிட்டது 2001-ல். முப்பது ஆண்டு முந்திய சொல்லுக்கு இது எப்படி மூலமாகும்? கர்னல் என்பதும் பொருந்தாது, ஏனென்றால் விழுந்தது உங்கள் நிரல், கோப்பில் இருப்பதும் அந்த நிரலின் நினைவகமே. கர்னல் அதை எழுதிவைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே 'கரு' வேண்டாம். மூலப்பொருள்படி பார்த்தால் 'உள்ளகம்' சரி, ஆனால் இன்று அது யாருக்கும் விளங்காது. 'நினைவகம்' என்றே எழுதுங்கள். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லின் வேலை அதுதான்.

---

எண்மத்தாள் எழுதியது:

டம்ப் பற்றி.

ஆங்கிலத்தில் இது பழைய வினைச்சொல், பொத்தென்று கீழே போடுவது. குப்பைமேடு என்ற பொருள் பின்னால் வந்தது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது வினையின் பொருளை: பிரித்துப் பார்க்காமல், தேர்வு செய்யாமல், இருப்பதை இருந்த வரிசையிலேயே மொத்தமாக வெளியே தள்ளுவது. தமிழில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிறோமே, அந்தக் 'கொட்டு' இதற்கு மிக அருகில் வரும். கொட்டியது நெல்லா குப்பையா என்பது வினையில் இல்லை. அதனால் குப்பை என்ற நினைப்பை விட்டுவிடலாம்.

ஐம்பதுகளில் கொட்டியது காகிதத்தில். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் சொல்லின் கனம் புரியும். ஐபிஎம் 704-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லுக்கு 36 பிட், அதிகபட்சம் 32,768 சொற்கள். மூன்று பிட்டுக்கு ஓர் இலக்கம் என்று எண்மத்தில், அதாவது 0 முதல் 7 வரையான இலக்கங்களில், எழுதினால் ஒரு சொல் 12 இலக்கம். வரிக்கு 8 சொல் வைத்தால் 96 இலக்கம், முன்னால் முகவரிக்கு 5 இலக்கம், நடுநடுவே இடைவெளி. இப்படி 4096 வரிகள் வரும். பக்கத்துக்கு 60 வரி என்றால் 69 பக்கம். ஒரு எழுத்துக்கூட விளக்கம் இல்லாமல் 69 பக்கமும் எண்கள். நிரலாளர் அதை மேசையில் விரித்து, தன் நிரலின் முகவரிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த முகவரியில் எது இருந்தது என்று பேனாவால் குறித்துக்கொண்டே போவார்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. நினைவகத்தை அச்சிடும் நிரலும் அதே நினைவகத்தில்தான் ஏற வேண்டும். ஏறும்போது, பார்க்க வேண்டியதில் ஒரு பகுதியை மேலெழுதிவிடும். அதனால் அந்த நிரலை முடிந்தவரை சிறிதாக எழுதி, அதற்கென்று ஒதுக்கிய முகவரிகளில் ஏற்றுவார்கள், அல்லது மேலெழுதப்போகும் பகுதியை முதலில் வெளியே எடுத்துவைப்பார்கள். வளையத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: மின்சாரம் போனாலும் காந்தம் போகாது. ஒழுங்காக நிறுத்திய கணினியில் மறுபடி மின்சாரம் கொடுத்தால் பழைய பிட்டுகள் அப்படியே இருக்கும். இன்றைய நினைவகத்தில் இது நடக்காது, அதனால்தான் நிரல் விழுந்த கணமே கர்னல் எழுதிவைத்தாக வேண்டியிருக்கிறது.

யூனிக்ஸில் காகிதம் போய்க் கோப்பு வந்தது. முதல் கையேட்டின்படி எதிர்பாராத ட்ராப் (பிழையால் செயலி நிரலை இடைமறிப்பது), பயனர் அனுப்பும் க்விட் சிக்னல் (நிரலை நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) போன்றவற்றால் நிரல் நின்றால், நடப்பு அடைவில் 'கோர்' என்ற பெயரில் கோப்பு விழும். அதே கையேட்டில் கோப்பை எண்மமாகக் காட்டும் ஓடி என்ற கட்டளையும் இருந்தது. 'ஆக்டல் டம்ப்' என்ற அதன் விரிவிலும் 'டம்ப்' உண்டு.

தமிழில் ஒரு விஷயம் இடிக்கிறது. கொட்டினால் பாத்திரம் காலியாகும். இங்கே நினைவகம் காலியாவதில்லை, படி எடுக்கிறார்கள். 'நினைவகம் கொட்டப்பட்டது' என்று படிப்பவர் தன் தரவு போய்விட்டது என்று பதறுவார். கலைச்சொல் பட்டியலில் பெயர்ச்சொல்லாக 'நினைவகக் கொட்டு' இருக்கட்டும். பயனருக்குக் காட்டும் செய்தியில் 'நினைவகப் படி' என்பதே என் விருப்பம்.

---

பேக்ட்ரேஸ் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இறந்தகாலம் பொய்யா?

அந்தச் செய்தியை அச்சிடுவது விழுந்த நிரல் அல்ல, ஷெல். ஷெல் தொடங்கிய நிரல், அதாவது பிள்ளைச் செயல், முடிந்ததும் கர்னல் ஒரு நிலையெண்ணைத் தருகிறது. எந்தச் சிக்னலால் இறந்தது என்பது அதன் கீழ் ஏழு பிட்டில் இருக்கும். எட்டாவது பிட், அதாவது 128 மதிப்புள்ளது, டம்ப் எடுத்தாயிற்று என்பதற்கான கொடி. அந்தக் கொடி ஏறியிருந்தால் மட்டுமே ஷெல் இந்தச் சரத்தைச் சேர்க்கும். ஆக இறந்தகாலம் சரிதான். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' தனிச் சரம், இது தனிச் சரம். இரண்டும் ஒரே வரியில் ஒட்டி வருவதால் மூலச் சரத்தின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, அதை அப்படியே வையுங்கள்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்குப் பின் ஷெல்லில் வெளியேறும் எண்ணைக் கேட்டால் 139 வரும். சிக்னல் 11, அதோடு 128. இந்த 128-ஐ டம்ப் கொடி என்று நினைக்கிறார்கள். இல்லை. சிக்னலால் இறந்த எதற்கும் ஷெல் 128 கூட்டியே சொல்லும், டம்ப் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதே 139தான்.

சரி, கோப்பு எங்கே? லினக்ஸில் இந்த வரிசையில் பாருங்கள்.

ப்ராக் அடைவுக்குள் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் 'கோர்_பேட்டர்ன்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதன் முதல் எழுத்து பைப் குறியாக, அதாவது நிமிர்ந்த கோடாக, இருந்தால் டம்ப் கோப்பாக விழாது. அங்கே குறிப்பிட்ட நிரலின் உள்ளீட்டுக்குப் போய்விடும். வாங்கிய நிரல் அதைச் சுருக்கி வேறிடத்தில் வைக்கலாம், இடம் போதவில்லை என்று பழையதை நீக்கலாம், வைக்காமலே விடவும் செய்யலாம். 'டம்ப்டு' என்று செய்தி வந்தும் அடைவு காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் அமைப்பு என்றால் 'கோர்டம்ப்சிடிஎல்' கட்டளைக்கு 'லிஸ்ட்' கொடுத்துப் பட்டியலைப் பார்க்கலாம், 'டீபக்' கொடுத்தால் நேராகப் பிழைதேடும் நிரலான ஜிடிபிக்குள் கொண்டுபோய் விடும்.

பைப் இல்லையென்றால், கோர் கோப்பின் அளவு வரம்பைக் காட்டும் 'யூலிமிட் -சி' கொடுத்துப் பாருங்கள். 0 வந்தால் கோப்பு எழுத அனுமதி இல்லை. பல அமைப்புகளில் இதுவே முன்னிருப்பு. 'யூலிமிட் -சி அன்லிமிடெட்' கொடுத்து, அதே ஷெல்லிலிருந்து நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். இந்த வரம்பு தாய் ஷெல்லிலிருந்து பிள்ளைச் செயலுக்கு இறங்குவது, வேறு சாளரத்தில் மாற்றினால் பயனில்லை. வரம்பு 0 ஆக உள்ள நிலையில் செய்தியில் 'கோர் டம்ப்டு' என்ற பகுதியே வராது, வெறும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' மட்டும் வரும். அதை வைத்தே இரண்டு நிலைகளையும் பிரித்துவிடலாம்.

வரம்பும் சரியாக இருந்தால், நிரலின் நடப்பு அடைவைப் பாருங்கள். கோப்பு விழுவது நிரல் நின்ற கணத்தில் அது இருந்த அடைவில், நீங்கள் கட்டளை கொடுத்த இடத்தில் அல்ல. பின்னணிச் சேவைகள் பெரும்பாலும் வேர் அடைவுக்கு மாறிவிடும், அங்கே எழுத அவற்றுக்கு அனுமதி இருக்காது. ஓட்டுபவரின் அதிகாரத்தில் அல்லாமல் கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் செட்யூஐடி நிரல்களுக்குப் பாதுகாப்பு காரணமாக முன்னிருப்பில் டம்ப் கிடையாது.

எல்லாச் சிக்னலுக்கும் டம்ப் வராது என்பதும் நினைவிருக்கட்டும். 11 (செக்மென்டேஷன் ஃபால்ட்), 6 (அபார்ட்), 8 (கணக்குப் பிழை), 4 (செல்லாத கட்டளை) ஆகியவற்றுக்கு வரும். கன்ட்ரோல்-சி கொடுத்தாலும், 9-ஆம் சிக்னலால் கொன்றாலும் வராது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டுமென்றே டம்ப் எடுக்க வைக்கக் கன்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்த்து அழுத்துங்கள். அது 3-ஆம் சிக்னல், க்விட். 1971 கையேடு சொல்லும் அதே க்விட்.

கோப்பு கிடைத்ததும் ஜிடிபிக்கு முதலில் நிரல் கோப்பையும் அடுத்து கோர் கோப்பையும் கொடுத்து, உள்ளே 'பிடி' என்று கேட்டால் அழைப்புச் சங்கிலி வரும். நிரல் விழுந்தபோது ஓடிய அதே நிரல் கோப்பைக் கொடுப்பது முக்கியம். நடுவில் மறுபடி கம்பைல் செய்திருந்தால் முகவரிகள் நகர்ந்திருக்கும், ஜிடிபி காட்டும் வரி எண்கள் வேறெங்கோ போய் நிற்கும். பிழைதேடத் தேவையான தகவலைச் சேர்க்கும் '-ஜி' இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் வரி எண்ணே இருக்காது. அந்தக் கோப்பை இன்னொருவருக்கு அனுப்பும் முன் யோசியுங்கள்: நிரல் நினைவகத்தில் வைத்திருந்த கடவுச்சொல், மறைகுறிச் சாவி எல்லாம் அதில் எழுத்து மாறாமல் கிடக்கும். முன்னிருப்பாக உரிமையாளர் மட்டும் படிக்கும்படி கர்னல் அதை எழுதுவது அதனால்தான்.

---

சொல்மேசை எழுதியது:

நன்றி. செய்திக்கு 'நினைவகப் படி எழுதப்பட்டது' என்று வைக்கிறேன். பைப் வழியாகப் போனாலும் 'எழுதப்பட்டது' பொருந்தும், எந்த இடத்தில் என்று அது சொல்வதில்லை. கோப்பின் பெயரான கோர் அப்படியே இருக்கும், அது கர்னல் வைக்கும் பெயர்.

அதே பட்டியலில் 'அவுட் ஆஃப் கோர்', 'மின்கோர்', 'கேகோர்', 'மல்ட்டிகோர்' எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எது வளையம், எது கரு?

---

ஃபெரைட்வளையம் எழுதியது:

முதல் மூன்றும் வளையத்தின் வாரிசுகள். 'அவுட் ஆஃப் கோர்' அல்காரிதம் என்றால் தரவு முழுவதும் நினைவகத்தில் கொள்ளாதபோது வட்டிலிருந்து பகுதி பகுதியாக எடுத்துச் செய்வது, 'நினைவகத்துக்கு வெளியே' என்று எழுதலாம். 'மின்கோர்' ஒரு சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் கேட்கும் சேவை), கொடுத்த நினைவகப் பக்கங்கள் இப்போது நினைவகத்தில் இருக்கின்றனவா என்று சொல்லும். அதைப் பார்த்து 'மின்' என்பதை மின்சாரம் என்று யாரும் பிரித்துவிடக் கூடாது, மெம்மரி இன் கோர் என்பதன் சுருக்கம் அது. 'கேகோர்' ப்ராக் அடைவில் இருக்கும் கோப்பு, கர்னலின் நினைவகத்தைக் கோர் கோப்பின் வடிவில் காட்டும். இந்த இடத்தில் மட்டும் கர்னலும் கோரும் உண்மையாகவே சேர்ந்து வருகின்றன. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'மல்ட்டிகோர்' வேறு வழியில் வந்தது. அங்கே கோர் என்பது சில்லுக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் மையப் பகுதி, 'கரு' அங்கே பொருந்தும். நிரல்மூலத்தின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் அமைப்புக் கோப்பில் வரும் 'கோர்' பிரிவுக்கும் வளையத்தோடு உறவில்லை, அடிப்படை அமைப்புகள் என்று பொருள்.

---

பேக்ட்ரேஸ் எழுதியது:

கிட் என்றதும் ஒன்று. டம்ப் கோப்பு களஞ்சியத்தில் ஏறிவிடக் கூடாது என்று எவற்றை ஒதுக்க வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் வெறுமனே 'கோர்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரி கோப்புக்கும் பொருந்தும், அடைவுக்கும் பொருந்தும், எந்த ஆழத்தில் இருந்தாலும் பொருந்தும். நிரல்மூலத்தில் 'கோர்' என்று அடைவு வைப்பது மிகப் பரவலான வழக்கம். புதிதாக அப்படி ஓர் அடைவை உருவாக்கினால் அதிலுள்ள எதுவும் கமிட்டில் சேராது, பிழைச் செய்தியும் வராது. உங்கள் கணினியில் கம்பைல் ஆகும், மற்றவர்களுடையதில் ஆகாது.

கோர்_பேட்டர்னில் செயல் எண்ணும் பெயரில் வரும்படி அமைத்துவிட்டு, கிட்இக்னோரில் 'கோர்' என்பதோடு புள்ளியும் இலக்கமும் வரும் பெயர்களை மட்டும் ஒதுக்குங்கள். வட்டில் இடம் காலியாக்க ஃபைண்ட் கட்டளையால் 'கோர்' என்ற பெயர் கொண்டவற்றை மொத்தமாக நீக்கும் ஸ்கிரிப்டுகளிலும் இதே ஆபத்து உண்டு. நீக்கும் முன் ஒவ்வொன்றையும் 'ஃபைல்' கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். உண்மையான டம்ப் என்றால் அது 'ஈஎல்எஃப் கோர் ஃபைல்' என்று சொல்லி, எந்த நிரலிலிருந்து வந்தது என்பதையும் பெரும்பாலும் காட்டும்.